இருவருக்கும் உரியது

என் அலுவலகத்துக்கு வருகிற இளம் வழக்கறிஞர்கள் அலமாரியிலிருந்து ஒரு பழைய சட்டப் புத்தகத்தை எடுத்து அட்டையைத் திறந்தால், அடுத்து என்ன கேட்பார்கள் என்று எனக்குத் தெரியும். "அங்கிள், இங்க ஏன் கிழிஞ்சிருக்கு?" கறையான் என்று சொல்லிவிடுவேன். பினாங்கில் லெபு பந்தாய் தெருவில் இருக்கும் எங்கள் கட்டடம் வெள்ளைக்காரன் காலத்தில் கட்டியது. அதனால் கறையான் என்றால் யாரும் சந்தேகப்படுவதில்லை. எல்லாப் புத்தகத்திலும் ஒரே இடத்தில், ஒரே ஒரு பெயரை மட்டும் தின்றுவிட்டுப் போகிற கறையான் உண்டா என்று இதுவரை ஒருவரும் என்னைக் குறுக்கு விசாரணை செய்ததில்லை. இவர்களெல்லாம் எப்படி வழக்காடிப் பிழைக்கப் போகிறார்களோ என்று எனக்குக் கவலையாக இருக்கிறது.

அந்தப் பெயர் என் நண்பனுடையது. கிழித்தது நான்தான். கிழிக்க வேண்டும் என்று நினைத்துக் கிழிக்கவில்லை.

புத்தகத்தின் அட்டைக்கு உட்புறம், சொந்தக்காரரின் பெயரையும் ஏதாவது ஒரு சிறு படத்தையும் அச்சடித்து ஒட்டிவைக்கும் சீட்டை நீங்கள் பழைய புத்தகங்களில் பார்த்திருக்கலாம். பினாங்கு வழக்கறிஞர்களுக்கு ஒரு காலத்தில் அது கறுப்பு அங்கிக்கு அடுத்த அவசியம். சட்டப் புத்தகம் ஒரு ஆளோடு முடிந்துபோகும் பொருள் அல்ல. ஒரு வழக்கறிஞர் இறந்தால் அவருடைய அலமாரியை இன்னொருவர் வாங்குவார், அவர் போனால் வேறொருவர். அதில் எங்கும் எழுதிவைக்காத ஒரு மரியாதை இருந்தது. புதிய சொந்தக்காரர் தன் சீட்டைப் பழைய சீட்டின் மேல் ஒட்டக்கூடாது. அதற்குக் கீழே ஒட்ட வேண்டும். இடம் இல்லாவிட்டால் அடுத்த தாளில் ஒட்டிக்கொள்ளலாம். ஆளைப் புதைத்தது போதும், பெயரையும் சேர்த்துப் புதைக்காதே என்பதுதான் அதன் பொருள் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

நானும் அவனும் வழக்கறிஞரான புதிதில் கூட்டாக ஓர் அலுவலகம் திறந்தோம். மேசை இரண்டு, நாற்காலி நான்கு, சுற்றும்போதெல்லாம் இருமுகிற ஒரு மின்விசிறி. புத்தகம் இல்லாத வழக்கறிஞரை எவன் நம்புவான் என்று அவன் நச்சரித்தான். லெபு கெரேஜா தெருவில் மூடப்போகிற ஓர் அலுவலகத்தின் அலமாரியை அப்படியே வாங்கினோம். முதலில் கையில் எடுத்தது ஒப்பந்தச் சட்டம் பற்றிய ஒரு தடித்த புத்தகம். மெரூன் நிறத் துணி அட்டை, உள்ளே மிளகு நெடி போல ஒரு வாசனை. நான் பொருளடக்கத்தைப் பார்க்கப் போனேன். அவன் என் கையைத் தட்டிவிட்டு முன்னட்டையைத் திறந்தான்.

மேலே ஒரு வெள்ளைக்கார நீதிபதியின் சீட்டு. கேடயத்தின் மேல் பின்னங்காலில் நிற்கும் ஒரு மான், அதற்குக் கீழே லத்தீனில் ஒரு வரி. புத்தகத்தை விற்றவர் கதை சொன்னார். அந்த நீதிபதியின் மனைவி இங்கே வந்த சில மாதத்தில் காய்ச்சலில் போய்விட்டாராம். செம்பகப் பூ உதிரும் இந்த ஊர்ப் பழைய கிறிஸ்துவக் கல்லறைத் தோட்டத்தில் அவரைப் புதைத்திருக்கிறார்கள். நீதிபதி அதற்குப் பிறகு பல வருடம் இதே ஊரில் தீர்ப்பெழுதிவிட்டு, கடைசியில் கப்பலேறும்போது ஒரு பெட்டி மட்டும் கொண்டுபோனாராம்.

அதற்குக் கீழே ஒரு தமிழ் வழக்கறிஞரின் சீட்டு. ஒரு குத்துவிளக்கு, ஒரு திரி மட்டும் எரிகிறது. ஜப்பான்காரன் காலத்தில் அவர் வீட்டிலிருந்து கட்டில், கண்ணாடி, மனைவியின் தையல் இயந்திரம் எல்லாம் மரவள்ளிக்கிழங்குக்காகப் போயின. புத்தகங்களை மட்டும் எவனும் கேட்கவில்லை. அந்தக் காலத்தில் ஆங்கிலச் சட்டம் யாருக்கு வேண்டும்? அதனால் அவை தப்பின. சண்டை முடிந்து கோர்ட்டு திறந்ததும் ஒட்டுப்போட்ட அங்கியோடு வந்து நின்றார், வந்த வேகத்தில் செத்தும் போனார்.

"பாருடா," என்றான் அவன், "இவங்க ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பார்த்தே இருக்க மாட்டாங்க. ஒரே அட்டைக்குள்ள குடியிருக்காங்க."

அன்றுமுதல் அது அவனுக்கு வழக்கமாகிவிட்டது. எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் வேண்டிய பக்கத்துக்கு நேராகப் போகமாட்டான். முன்னட்டையைத் திறந்து அங்கே யார் இருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே போவான். அவசரமான நேரத்தில் அதைப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எங்களுக்கும் ஒரு சீட்டு வேண்டும் என்றான். ஆளுக்கு ஒன்றா, சேர்த்து ஒன்றா என்று ஒரு வாரம் சண்டை போட்டோம். நாளைக்குப் பிரிந்தால் யார் புத்தகம் எது என்று தெரிய வேண்டாமா என்று நான் கேட்டேன். நான் எப்போதும் பாகப்பிரிவினை வழக்கு நடத்துகிறவன், என் புத்தி அப்படித்தான் போகும். அவன் ஒரு காகிதத்தில் வரைந்து காட்டினான். கோர்ட்டுக்குப் பின்னால் நாங்கள் தினமும் உட்காரும் சீனர் கோப்பிக்கடையின் வட்டமான பளிங்கு மேசை. அதன் இரண்டு பக்கமும் இரண்டு ஸ்டூல். இடது ஸ்டூலுக்குக் கீழே என் பெயர், வலது ஸ்டூலுக்குக் கீழே அவன் பெயர். நடுவில் தமிழில் 'இருவருக்கும் உரியது'.

சட்டப் புத்தகத்துக்குள் கோப்பிக்கடையா என்று சிரித்தேன். அச்சடித்து வந்த பிறகு சிரிக்கவில்லை. நன்றாக இருந்தது. அவன் வீட்டிலேயே மைதா மாவு காய்ச்சி, விரலால் தடவி, ஒவ்வொரு புத்தகத்திலும் அவனே ஒட்டினான். ஒப்பந்தச் சட்டப் புத்தகத்தில் விளக்குக்காரருக்குக் கீழே இடம் இல்லாததால் அடுத்த தாளில் ஒட்டினான். அதன் ஒரு மூலை மட்டும் ஒட்டாமல் சுருண்டுகொண்டே இருந்தது.

இருபது வருடத்துக்கு மேல் அந்த இரண்டு ஸ்டூலில் உட்கார்ந்தோம். எதிரிக் கட்சிக்காரனைவிட அதிகமாக ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டோம். 'டேய்' என்றுதான் நான் அவனைக் கூப்பிடுவேன், அவனும் அப்படித்தான். குமாஸ்தாக்கள் முன்னால் கொஞ்சம் மரியாதையாகப் பேசுங்கள் என்று அவன் மனைவி சொல்லிப் பார்த்துக் களைத்துப்போனாள். அவள் என்னை அண்ணே என்பாள், எனக்கு அவள் தங்கச்சி.

அப்புறம் அவனை உயர் நீதிமன்ற நீதிபதியாக்கினார்கள்.

எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. டத்தோ கிராமாட்டில் ஒரு சிறிய வீட்டில் பிறந்த தமிழன் அந்த மேடையில் உட்காரப் போகிறான் என்றால் யாருக்குத்தான் பெருமை இருக்காது? ஆனால் நீதிபதியாகிறவர் தன் பழைய உலகத்திலிருந்து ஓர் அடி பின்னால் நகர்ந்துகொள்ள வேண்டும். அது எங்கள் தொழிலின் வழக்கம். வழக்கறிஞர்களோடு கடையில் உட்காரக்கூடாது, கல்யாண வீட்டில்கூட ஒரே மேசையில் சாப்பிடாமல் இருப்பது நல்லது. பேசினால் பேசினதாகப் பேச்சு வரும். பலர் அந்த ஓர் அடியை அரை அடியாக வைத்துக்கொள்வார்கள். இவன் அப்படிப்பட்டவன் அல்ல. கோர்ட்டுப் பென்சில் தவறிப்போய்ச் சட்டைப் பையில் வந்துவிட்டால் மறுநாள் கொண்டுபோய் வைக்கிற ஜாதி.

கணக்கு முடித்தோம். மேசை, நாற்காலி, வாடகை முன்பணம் எல்லாவற்றையும் எழுதிப் பிரித்தோம். புத்தகங்களைப் பற்றி மட்டும் இருவரும் வாய் திறக்கவில்லை. அதை எழுதினால் உண்மையிலேயே பிரிந்ததாகிவிடும் என்று எனக்குத் தோன்றியது. அவனுக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். கடைசி நாள் கோப்பிக்கடையில் அவனாகவே ஆரம்பித்தான்.

"புக்ஸ்ல என் பேரு இருக்கே, அத மறைச்சிரு."

"எதுக்குடா மறைக்கிறது? மொத்தமா உரிச்சிடுறேன்."

"உரிக்காத. மேல ஒரு வெள்ளத் தாள ஒட்டு போதும். நான் எறங்கி வந்ததும் எடுத்துக்கலாம்லா."

"எப்ப எறங்குவ?"

"பென்ஷன் வந்த மறுநாள் காலையில இங்க வந்து உட்காருவேன். இந்த ஸ்டூல எவனுக்கும் குடுத்துடாத." கோப்பியைக் குடித்து முடித்துவிட்டு, கண்ணைப் பார்க்காமல் இன்னொன்றும் சொன்னான். "அன்னிக்கு நீ என்னைய டேய்னு கூப்பிடணும். அதுவரைக்கும் கூப்பிட ஆளிருக்காது."

ஒரு வாரம் தினமும் வேலை முடிந்த பிறகு உட்கார்ந்து வெள்ளைத் தாளைச் சிறு துண்டுகளாக வெட்டி ஒட்டினேன். எதையும் அரைகுறையாகச் செய்து எனக்குப் பழக்கமில்லை. பினாங்கு ஈரத்துக்கு மாவுப் பசை நிற்காது என்று கடையில் இருந்ததிலேயே கெட்டியான பசையாகப் பார்த்து வாங்கினேன். வலது ஸ்டூல் அப்படியே இருந்தது, அதற்குக் கீழே பெயர் மட்டும் வெள்ளையாகிவிட்டது. ஒப்பந்தச் சட்டப் புத்தகத்தில் மட்டும் ஒட்டவில்லை. அது அப்போது என்னிடம் இல்லை. கடலுக்கு அக்கரையில் பட்டர்வொர்த்தில் ஒரு வழக்கறிஞர் இரவல் வாங்கிப் போயிருந்தார். எங்கள் தொழிலில் எதிராளிக்குக்கூடப் புத்தகம் இரவல் கொடுப்போம், திரும்பக் கேட்பதுதான் அநாகரிகம். கேட்காமலே இருந்தேன். பிறகு மறந்தும் போனேன்.

அவனை முதலில் வேறு மாநிலங்களுக்கு அனுப்பினார்கள். பல வருடம் கழித்துத்தான் பினாங்குக்கு மாற்றலாகி வந்தான். முதல் நாள் அவன் முன்னால் நின்று, இந்த நாட்டு வழக்கப்படி, "யாங் ஆரிஃப்" என்று அழைத்தேன். கனம் நீதிபதி அவர்களே என்பதற்கு மலாயில் அப்படிச் சொல்வோம். சொல்லும்போது என் வாய் ஓரம் துடித்தது. அவன் முகத்தில் ஒன்றும் அசையவில்லை, முகவாய் மட்டும் ஒரு துளி கீழே இறங்கி ஏறியது. அது எனக்கான வணக்கம். வராந்தாவில் எதிர்ப்பட்டாலும் அந்த ஒரு துளி இறங்கும். அதை வைத்துக்கொண்டு வருடங்களை ஓட்டினேன் என்று சொன்னால் என் மனைவி சிரிக்கிறாள். உண்மை அதுதான்.

பிறகு அந்த வழக்கு வந்தது. ஒரு பக்கம் நான். மறுபக்கம் அக்கரையிலிருந்து வந்த ஓர் இளைஞர். பழைய கூட்டாளி வாதாடும் வழக்கை விசாரிக்கலாமா என்று அவனே முதல் நாள் எல்லோரையும் கேட்டான். அந்த அலுவலகத்தில் தனக்கு இப்போது எந்தப் பங்கும் இல்லை என்று திறந்த நீதிமன்றத்தில் சொன்னான். ஆட்சேபணை யாருக்கும் இல்லை. பினாங்கில் எங்கள் கதை தெரியாதவர் யார்?

விசாரணை நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது. மூன்றாவது அமர்வில் அந்த இளைஞர் ஒரு பழைய நூலை மேற்கோள் காட்ட விரும்புவதாகச் சொல்லி எழுந்தார். இப்போதெல்லாம் எல்லோரும் கணினியிலிருந்து எடுத்த தாளைத்தான் நீட்டுவார்கள். இவர் பையிலிருந்து புத்தகத்தையே எடுத்தார். மெரூன் துணி அட்டை. தன் சீனியர் அலமாரியில் கிடந்தது என்று பெருமையாகச் சொன்னார். அந்தப் பட்டர்வொர்த்துக்காரரின் ஜூனியர் இவர் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

சேவகர் புத்தகத்தை வாங்கி மேடைக்குக் கொண்டுபோனார். வேண்டிய பக்கத்தில் மஞ்சள் தாள் செருகியிருந்தது. அவன் அங்கே நேராகத் திறந்திருந்தால் ஒன்றும் இல்லை. ஆனால் எனக்குத் தெரியும், அவன் அப்படித் திறக்கமாட்டான். முன்னட்டையைத் திறந்தான். மானைப் பார்த்தான், விளக்கைப் பார்த்தான். தாளைப் புரட்டினான்.

வெகுநேரம் குனிந்தே இருந்தான். அவன் காது சிவந்ததை நான் கீழேயிருந்து பார்த்தேன். நிமிர்ந்தபோது அவன் குரல் சாதாரணமாக இருந்தது. இந்தப் புத்தகத்தில் என் பெயரும் ஒரு தரப்பு வழக்கறிஞரின் பெயரும் சேர்ந்து இருக்கின்றன, இது இருவருக்கும் உரியது என்று எழுதியிருக்கிறது, எனக்குப் பங்கில்லை என்று நான் சொன்னது சரியல்ல, ஆகவே இந்த வழக்கிலிருந்து விலகிக்கொள்கிறேன் என்றான். அந்த இளைஞர் பதறிப்போய், யாங் ஆரிஃப், இது வெறும் பழைய சீட்டு, எங்களுக்கு ஆட்சேபணையே இல்லை என்றார். அவன் எழுந்துவிட்டான்.

ஒரு சீட்டுக்காக ஒரு வழக்கை விடுவதா என்று ஊரே பேசியது. எனக்கும் கோபம்தான். இவ்வளவு சுத்தம் எதற்கு, தண்ணீரையே கழுவிக் குடிக்கிறானே என்று நானும் ஒரு விருந்தில் சொன்னேன். அவன் காதுக்குப் போயிருக்கும், இந்த ஊரில் எதுதான் போகாது? அதற்குப் பிறகு என் பெயர் உள்ள எந்த வழக்கும் அவன் முன்னால் வரவில்லை, எல்லாம் வேறு நீதிபதிக்குப் போயிற்று. வராந்தாவில் எதிர்ப்பட்டால் முகவாயும் இறங்கவில்லை. சொன்ன சொல் பொய்யாகிவிட்டது என்ற வெட்கத்தில் அவன் ஒதுங்கினானா, அந்தப் பெயரை நான் வேண்டுமென்றே மறைக்காமல் விட்டதாக நினைத்தானா, எனக்குத் தெரியவில்லை. போய்க் கேட்கவும் முடியாது. நீதிபதியிடம் போய், என்னடா கோபமா என்று எந்த வழக்கறிஞர் கேட்க முடியும்?

அந்தப் புத்தகம் எனக்குத் திரும்பி வரவில்லை. கோர்ட்டில் எங்கேயோ மாட்டிக்கொண்டது என்று அந்த இளைஞர் வந்து மன்னிப்புக் கேட்டார். போகட்டும் தம்பி என்றேன். அதை மறுபடியும் பார்க்க எனக்கும் விருப்பமில்லை.

அவன் ஓய்வுபெற்ற மறுநாள் காலை கோப்பிக்கடைக்குப் போனேன். அதே கடைதான். பளிங்கு மேசை ஓரம் உடைந்திருந்தது, கோப்பி கலக்குவது பழைய முதலாளியின் மகன். என் ஸ்டூலில் உட்கார்ந்து எதிர் ஸ்டூலின் மேல் பையை வைத்துக்கொண்டேன். சுற்றுலா வந்த ஒரு சீனப் பெண் அதை எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டாள், ஆள் வருகிறார் என்றேன். மத்தியானம்வரை உட்கார்ந்திருந்தேன். வரவில்லை. மறுநாளும் போனேன். மூன்றாம் நாள் எனக்கு வீம்பு வந்துவிட்டது. வாக்குக் கொடுத்தவன் அவன், அவன் வரட்டும். வீடு எங்கே என்று எனக்குத் தெரியும்தான். ஓய்வுக்குப் பிறகு டத்தோ கிராமாட்டில் அப்பா வீட்டுக்கே வந்துவிட்டிருந்தான். காரில் பத்து நிமிடம்கூட ஆகாது. போகவில்லை. ஒரு வருடம் அப்படியே ஓடியது.

கோர்ட்டு லிஃப்டில் யாரோ சொல்லித்தான் கேள்விப்பட்டேன். பக்கவாதம். வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. வாழ்நாள் முழுக்கப் பேசிச் சம்பாதித்தவனுக்குப் பேச்சு போவது என்ன நியாயம் என்று லிஃப்டிலேயே சத்தம் போட்டுக் கேட்டேன். கூட இருந்தவர்கள் தரையைப் பார்த்தார்கள்.

வெறும் கையோடு போக மனம் வரவில்லை. அவன் கேட்டுக்கொண்டபடி வெள்ளைத் தாளை எடுத்துவிட்டு, இரண்டு பெயரும் தெரிகிற புத்தகம் ஒன்றைக் கொண்டுபோக நினைத்தேன். அலுவலகக் கதவைச் சாத்திக்கொண்டு முதல் புத்தகத்தை எடுத்து வெள்ளைத் துண்டின் ஓரத்தை நகத்தால் நெம்பினேன். வந்தது. வரும்போது பெயரையும் உரித்துக்கொண்டு வந்தது. அடுத்ததற்குப் பஞ்சில் தண்ணீர் தொட்டு வைத்தேன். அவன் தடவிய மாவுப் பசை உடனே இளகியது, நான் தடவிய பசை இளகவே இல்லை. சீட்டு சுருங்கி, நடுவில் கிழிந்தது. அடுத்ததற்குக் கெட்டிலின் ஆவி. அடுத்ததற்குச் சவரக் கத்தி. ஒன்றாவது உருப்படியாக வராதா என்ற வெறியில் எல்லாப் புத்தகத்தையும் எடுத்துக் கீழே போட்டுக்கொண்டு பிய்த்தேன். எந்தப் புத்தகத்திலும் அவன் பெயர் மிஞ்சவில்லை. தரையில் உட்கார்ந்து அழுதேன். அறுபது வயதைத் தாண்டியவன் மேசைக்கடியில் உட்கார்ந்து அழுவதை என் கிளார்க் கதவிடுக்கில் பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் போய்விட்டாள்.

அப்படியும் ஒன்றை எடுத்துக்கொண்டுதான் போனேன். அவனை ஜன்னலோரம் சாய்வு நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். பாதியாகியிருந்தான். சட்டை அவனுடையதாகவே தெரியவில்லை. என்னைப் பார்த்ததும் இடது கை மட்டும் எழும்பியது.

"பாருங்க, யாரு வந்திருக்காங்கன்னு," என்றாள் தங்கச்சி. "அண்ணே, நீங்க வருவீங்க வருவீங்கன்னு அவரு பார்த்துக்கிட்டே இருந்தாரு. பென்ஷன் ஆனதுலேருந்து. நானும் போன் பண்ணவான்னு கேட்பேன். வேணாம், அவனா வரட்டும்னுவாரு."

டேய் என்று கூப்பிட வேண்டும் என்று காரில் வரும்போதெல்லாம் சொல்லிப் பார்த்திருந்தேன். அவன் முகத்தைப் பார்த்ததும் அது வரவில்லை. சிரிக்க வைக்கலாம் என்று நினைத்து, தலையைக் குனிந்து, "யாங் ஆரிஃப்," என்றேன். அவன் சிரிக்கவில்லை. கண்ணை மூடித் திறந்தான்.

புத்தகத்தை மடியில் வைத்துத் திறந்து காட்டினேன். தாளை எடுக்கத்தான் பார்த்தேன், பேரும் கையோடு வந்துவிட்டது என்றேன். வலது ஸ்டூலுக்குக் கீழே கிழிந்த இடத்தை அவன் இடது விரலால் தடவினான். பிறகு அதே விரலை நீட்டி எதிரே இருந்த அலமாரியைக் காட்டினான். வாயிலிருந்து ஏதோ சத்தம் வந்தது, சொல்லாக வரவில்லை.

தங்கச்சி அலமாரியைத் திறந்தாள். மேலே மடித்து வைத்திருந்த அங்கியை எடுத்து வந்தாள். தலையை ஆட்டினான். போர்வையை எடுத்தாள். தலையை ஆட்டினான். "தண்ணி வேணுமா? பாத்ரூமா?" என்று கேட்டாள். மறுபடியும் அலமாரியையே காட்டினான். எங்கள் இருவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. சாட்சியின் அரைச் சொல்லிலிருந்து முழு வழக்கையும் பிடிப்பேன் என்று நான் ஊரில் பேரெடுத்தவன். கடைசியில் அவன் கையைக் கீழே போட்டுவிட்டு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான். அன்று வழக்கை விட்டு எழுந்தபோது இருந்த அதே முகம். கிழித்துக்கொண்டு வந்து காட்டியதற்குக் கோபம் என்றுதான் நான் நினைத்தேன். களைத்துவிட்டார், தூங்கட்டும் என்று தங்கச்சி சொன்னாள். சொல்லிக்கொண்டு கிளம்பினேன்.

அடுத்த வாரம் போகலாம் என்றிருந்தேன். அதற்குள் பக்கவாதம் இரண்டாவது முறை வந்துவிட்டது. பத்து காந்தோங் மின்சுடலையில் அவனை வைத்துவிட்டுத் திரும்பினோம். நீதிபதிகள் வந்திருந்தார்கள், வழக்கறிஞர்கள் வந்திருந்தார்கள். எல்லோரும் மரியாதையாகப் பேசினார்கள். ஒருவரும் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை, நானும்தான்.

கருமாதி முடிந்த சில நாளில் தங்கச்சி போன் செய்தாள். அவன் அங்கியைக் கோர்ட்டில் யாருக்காவது கொடுத்துவிடலாமா என்று கேட்டாள். போனேன். அவள் அலமாரியிலிருந்து அங்கியை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு, அது இருந்த தட்டிலிருந்து இன்னொன்றையும் எடுத்தாள்.

"இது அங்கிக்கு அடியில இருந்துச்சுண்ணே. அன்னிக்கு நான் அங்கிய மட்டும் தூக்கினேன், கீழ என்ன இருக்குன்னு பார்க்கல. இதத்தான் காட்டியிருக்காரு போல."

மெரூன் துணி அட்டை.

நான் உட்கார்ந்துவிட்டேன். கோர்ட்டுப் பென்சிலைக்கூட வீட்டில் வைத்துக்கொள்ளாதவன். அடுத்தவர் பொருள் ஒன்றை வாழ்நாளில் எடுத்து ஒளித்து வைத்திருக்கிறான் என்றால் அது இது ஒன்றுதான். முன்னட்டையைத் திறந்தேன். மான், விளக்கு. தாளைப் புரட்டினேன். இரண்டு ஸ்டூல், இரண்டு பெயர். மறைக்காமல், கிழியாமல் அப்படியே இருந்தன. எப்போதும் சுருண்டுகொண்டிருக்கும் அந்த மூலையை யாரோ புதிதாக மாவுப் பசை தொட்டு, விரலால் அழுத்தி, படிய ஒட்டியிருந்தார்கள். யாரோ என்ன யாரோ. அவன்தான்.

"உங்க புத்தகமாண்ணே?"

"பாதி அவனோடது. இப்ப அந்தப் பாதி உன்னோடது தங்கச்சி. நம்ம நாட்டுச் சட்டம் அப்படித்தான்."

அவள் புத்தகத்தை வாங்கி அந்தப் பக்கத்தைக் கொஞ்சநேரம் பார்த்தாள். "அப்ப இது இங்கயே இருக்கட்டும்லா. உங்க பாதிய நீங்க வந்து பார்த்துக்குங்க. இனிமே இந்த வீட்டுக்கு யாரு வரப்போறா," என்றாள். என் மடியில் வைத்துவிட்டுக் கோப்பி போட உள்ளே போனாள்.

ஜன்னலோரம் அந்தச் சாய்வு நாற்காலி காலியாக இருந்தது. நான் அவன் பெயரின் மேல் விரலை வைத்தேன். சொல்ல வேண்டியதை அப்போதுதான் சொன்னேன்.

"டேய்."

கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது. உள்ளேயிருந்து தங்கச்சி கேட்டாள், "யாரண்ணே கூப்பிடுறீங்க?"